தமிழ் விக்கிப்பீடியர்களுக்கு மூலக்குளத்திலிருந்து ஒரு மடல்



2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை இத்தனை ஆண்டுகளாகச் சம்பளம் வாங்காமல், கட்டுரைக்கு அடியில் பெயர்கூடப் போட்டுக்கொள்ளாமல் எழுதி வருகிறீர்கள். அமீரகத்தில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டே ஆரம்ப நாட்களில் அதைத் தூக்கி நிறுத்திய இலங்கைத் தமிழர் இ. மயூரநாதனுக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கொடுத்தது. 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டினீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒளிச்சேர்க்கை பற்றித் தமிழில் படிக்க இன்று ஓர் இடம் இருக்கிறது என்றால் உங்களால்தான். பாராட்டு இத்துடன் போதும். இந்த மடல் வேறு விஷயத்துக்கு.

எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழியில், மாதத்தில் ஒரு திருத்தமாவது செய்கிற பயனர்கள் இன்னும் சில நூறு பேர்தான். ஆட்கள் வராமல் இல்லை. பயிலரங்குக்கு வருகிறார்கள், போட்டிக்கு வருகிறார்கள், ஒரு கட்டுரையில் தவறைப் பார்த்துவிட்டுத் தாமாகவும் வருகிறார்கள். வந்தவருக்கு எங்கே போவது, எதைத் தொடுவது என்று தெரிவதில்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அவருக்கு வழி காட்டுவது இப்போதைய முதல் வேலை, இரண்டு லட்சம் கட்டுரைகளைத் தொடுவதைவிட அவசரமான வேலை என்பது என் கட்சி.

நான் வசிக்கும் புதுச்சேரி மூலக்குளத்தில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் பகுதி புதுச்சேரி நகராட்சியில் இல்லை. உழவர்கரை நகராட்சியில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், விழுப்புரம் சாலையில் பஸ் ஏறினால் எல்லாம் பாண்டிச்சேரி. ஏதோ ஒரு கட்டுரையில் யாரோ மூலக்குளம் புதுச்சேரி நகராட்சியில் இருப்பதாக எழுதியிருப்பதை ஆசிரியை பேத்தியின் கைப்பேசியில் பார்க்கிறார். முப்பது வருஷம் சிவப்பு மையால் திருத்திய கை சும்மா இருக்குமா? பென்சில் படத்தைத் தொடுகிறார்.

முதலில் கணக்குத் தொடங்கச் சொல்லும் அழைப்பு. அதைத் தாண்டினால் தொகுப்புப் பெட்டி. மூலநிரல் தொகுப்பானில் திறந்திருந்தால் அவர் தேடும் வாக்கியம் கண்ணுக்கே தெரியாது. ஊர்களைப் பற்றிய கட்டுரை என்பதால் மேலே தகவற்சட்டத்தின் நிரல்தான் திரை திரையாக நிற்கும்: இரட்டை நெளிவு அடைப்புகள், செங்குத்துக் கோடுகள், சமக்குறிகள், மக்கள்தொகை, அட்சரேகை. 'எதையாவது கெடுத்துவிடப் போகிறேன்' என்ற பயம் இங்கேதான் பிறக்கிறது. கணினியில் வந்தாலும் சிக்கல் வேறு வடிவில் இருக்கும். 'தொகு', 'மூலத்தைத் தொகு' என்று இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில். முதலாவது தட்டச்சு செய்யத் தெரிந்த யாரும் பயன்படுத்தக்கூடிய காட்சித் தொகுப்பான், இரண்டாவது நிரலறிந்தவர்களுக்கானது. எது தனக்கு என்று அந்த அம்மா எப்படிக் கண்டுபிடிப்பார்?

எப்படியோ வாக்கியத்தைத் திருத்திச் சேமித்துவிடுகிறார். மறுநாள் பார்த்தால் பழையபடி இருக்கிறது. உங்களில் ஒருவர் மீளமைத்திருப்பார், காரணம் மேற்கோள் இல்லை. விதிப்படி சரி. மெய்யறிதன்மை, அதாவது சான்றைக் கொண்டு சரிபார்க்கும் வாய்ப்பு, இல்லாமல் கலைக்களஞ்சியம் இல்லை, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காரணம் வரலாற்றுப் பக்கத்தில் ஒரு சுருக்கக் குறிப்பாகக் கிடக்கிறது. வரலாற்றைப் பார்க்கும் இணைப்பு ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. அவர் பேச்சுப் பக்கத்திலோ ஒரு வரவேற்பு வார்ப்புரு இருக்கும்: நல்வரவு, பிறகு வரிசையாக இணைப்புகள். கொள்கைகள், உதவிப் பக்கங்கள், மணல்தொட்டி, உதவி கேட்கும் ஒத்தாசைப் பக்கம், பொது உரையாடலுக்கான ஆலமரத்தடி. எல்லாம் பயனுள்ளவை. அவருக்கு அன்றைக்கு வேண்டியது ஒரே வரி: 'அம்மா, நீங்கள் சொன்னது சரி, உழவர்கரை நகராட்சியின் இணையதளத்தையோ ஒரு நூலையோ சான்றாகச் சேர்த்தால் நிற்கும், இங்கே சொடுக்குங்கள்.' அந்த வரி அங்கே இருக்காது. வார்ப்புருவால் அதை எழுத முடியாது.

இது தமிழுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுவோர் எண்ணிக்கை 2007-இல் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கியது. ஏன் என்று ஆரோன் ஹாஃபேக்கரும் மூன்று சக ஆய்வாளர்களும் தேடி 2013-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புதிதாக வருகிறவர்களின் தரம் குறையவில்லை, நல்ல எண்ணத்தோடு வருவோரின் விகிதம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது என்று கண்டார்கள். மாறியிருந்தது வரவேற்பு. விஷமத் தொகுப்புகளைப் பிடிக்க அமைத்த தானியங்கிக் கருவிகள் நல்லவர்களின் முதல் திருத்தத்தையும் சேர்த்துத் தள்ளின. முதல் கடிதமே எச்சரிக்கை வார்ப்புருவாக வந்தது. விதிகள் இறுகி, புதியவர் கேள்வி கேட்டு மாற்றக்கூடியவையாக இல்லாமல் போயின. நிரலாளர்கள் கேள்வி பதில் பகிரும் ஸ்டாக் ஓவர்ஃபுளோவும் 2018 ஏப்ரலில் தாங்கள் புதியவர்களை நன்றாக வரவேற்பதில்லை என்று வெளிப்படையாகவே எழுதியது. ஆங்கிலம் இதைத் தாங்கும். ஆயிரம் பேர் போனால் இரண்டாயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள். நமக்கு வரிசை கிடையாது.

நீங்கள் இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2009 வாக்கில் கூகிளின் மொழிபெயர்ப்புத் திட்டம் வந்து, கூலிக்கு மொழிபெயர்த்த நீண்ட நீண்ட கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் கொட்டியது. வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலம், மேலே தமிழ்த் தோல். அதைத் துப்புரவாக்க நீங்கள் பட்ட பாட்டை 2010-இல் போலந்தின் கெதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் ஆய்வுரையாகவே எடுத்துவைத்தார். அப்படிப்பட்ட வெள்ளத்தைப் பார்த்தவர்கள் கதவில் தாழ்ப்பாள் போடுவது இயல்பு. இன்று இயந்திர மொழிபெயர்ப்பும் செயற்கை நுண்ணறிவும் அதே வெள்ளத்தை இன்னும் மலிவாக அனுப்புகின்றன. தாழ்ப்பாள் இருக்கட்டும். எங்கே தட்ட வேண்டும் என்று கதவில் எழுதியும் இருக்கட்டும்.

ஒரு காலத்தில் புதியவருக்கு இருந்த தடை வேறு. தமிழில் தட்டச்சு செய்வதே பெரும்பாடு. ஒரு பக்கம் டிஸ்கி, இன்னொரு பக்கம் டாப் என்று வெவ்வேறு குறியாக்கங்கள், ஒவ்வொரு இணையதளத்துக்கும் ஓர் எழுத்துரு. பிறகு எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள்கள் வந்தன, தமிழ்நாடு அரசே 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. அந்த நாட்களின் பயிலரங்குகளில் பாதி நேரம் தமிழ்99 விசைப்பலகைக்கே போகும். எங்கள் புதுச்சேரியின் பேராசிரியர் மு. இளங்கோவன் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய் இணையத்தில் தமிழைச் சொல்லிக்கொடுத்தது அப்போதுதான். இன்று எழுபது வயதுக்காரரும் வாட்சாப்பில் தமிழில் பக்கம் பக்கமாக எழுதுகிறார். தடை தட்டச்சிலிருந்து வழிகாட்டலுக்கு இடம் மாறிவிட்டது. உங்கள் உதவிப் பக்கங்களில் பல இன்னும் பழைய தடையை நினைத்தே பேசுகின்றன.

உதவிப் பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை எழுதியவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்கள். தெரிந்தவருக்குத் தெரியாதவரின் குழப்பம் மறந்துபோகும். இது யாருடைய குற்றமும் இல்லை. 'வார்ப்புரு', 'பகுப்பு', 'வழிமாற்று', 'பெயர்வெளி' என்று நான்கு சொற்களை முதல் பத்தியிலேயே போட்டுவிட்டு எளிய அறிமுகம் என்று தலைப்பு வைத்துவிடுகிறோம். இடப்பக்கப் பட்டியிலும் வாசகருக்கான 'ஏதாவது ஒரு கட்டுரை'யும் பராமரிப்பாளருக்கான 'அண்மைய மாற்றங்கள்' பக்கமும் ஒரே வரிசையில் நிற்கின்றன. 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தில் தற்செயலாக நுழைந்த ஒருவர் பார்ப்பது என்ன? பச்சையிலும் சிவப்பிலும் எண்கள், அடைப்புக்குள் 'வேறுபாடு', 'வரலாறு', ஒவ்வொரு வரியிலும் முன்பின் தெரியாத பயனர் பெயர்கள். உங்களுக்கு அது காலைச் செய்தித்தாள். அவருக்கு மின்வாரியக் கணக்குப் பேரேடு.

வழிகாட்டலுக்கு எங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. புதுச்சேரியின் பழைய நகரம் நேர்கோட்டுத் தெருக்களுக்குப் பெயர்போனது. 1693-இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் கட்டம் போட்டுத் திட்டம் வரைந்தார்கள். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே தொடர்ந்தார்கள். தெரு முனையில் நீலப் பலகை, தமிழிலும் பிரெஞ்சிலும் பெயர். சுற்றுலா வந்தவர் யாரையும் கேட்காமல் கடற்கரைக்குப் போய்விடலாம். மூலக்குளம் அப்படி இல்லை. மனை பிரித்து, நகர் நகராகச் சேர்ந்து, குறுக்குத் தெருவுக்கு எண் போட்டு வளர்ந்த பகுதி. பார்சல் கொண்டுவரும் தம்பி மூன்றாவது குறுக்கு எது என்று தெரியாமல் நிற்பான், ஆனாலும் வந்து சேர்ந்துவிடுவான், முனையில் டீக்கடைக்காரர் இருப்பதால். விக்கிப்பீடியாவும் யாரோ ஒருவர் வரைபடம் போட்டுக் கட்டியதல்ல, தேவைக்குத் தேவை வளர்ந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. டீக்கடைக்காரர் எங்கே என்றுதான் கேட்கிறேன்.

ஆங்கில விக்கிப்பீடியா 2012-இல் தேநீரகம் என்ற பெயரில் புதியவர்கள் கேள்வி கேட்க ஓர் இடத்தைத் திறந்தது. எப்படிப்பட்ட எளிய கேள்விக்கும் அங்கே கண்ணியமாகப் பதில் வரும். பிரெஞ்சு விக்கிப்பீடியாவிலும் புதியவர்களுக்கென்றே ஒரு மன்றம் உண்டு. நம்மிடம் ஒத்தாசைப் பக்கம் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கைப்பேசியில் வருகிறவர் அதைக் கண்டுபிடிப்பது கடினம், கண்டுபிடித்தாலும் அங்கே முன்பு கேட்கப்பட்டவை பெரும்பாலும் வார்ப்புரு வேலைசெய்யவில்லை, கருவி இயங்கவில்லை என்ற கனமான கேள்விகள். அவற்றுக்கு நடுவே 'ஃபோட்டோ எப்படிப் போடுவது' என்று கேட்க யாருக்கும் கூச்சமாக இருக்கும்.

கருவிகள் இல்லாமல் இல்லை. 2018-இல் விக்கிமீடியா அறக்கட்டளை புதியவர்களுக்கென்றே ஒரு குழுவை அமைத்தது. செக், கொரிய விக்கிப்பீடியாக்களில் முதலில் சோதித்துவிட்டு மற்ற மொழிகளுக்கும் கொண்டுவந்தார்கள். புதிதாகக் கணக்குத் தொடங்கியவருக்குத் தனி முகப்பு. அதில் அவரால் முடிகிற சின்னச் சின்ன வேலைகள். கேள்வி கேட்க ஒரு வழிகாட்டியின் பெயர். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேலைகளில் பலவற்றை நிரல், கட்டுரைகளின் தலையில் நீங்கள் ஒட்டும் பராமரிப்பு வார்ப்புருக்களைப் பார்த்துத்தான் பொறுக்குகிறது: இதற்கு உள்ளிணைப்பு வேண்டும், இதற்கு உரைதிருத்தம் வேண்டும், இதற்கு மேற்கோள் வேண்டும் என்று. எந்த வார்ப்புரு எந்த வேலைக்கு என்பதை அந்தந்த விக்கியின் நிர்வாகிகள் அமைத்துத் தர வேண்டும். வார்ப்புரு ஒட்டாவிட்டால் பட்டியல் மெலிந்துபோகும். வழிகாட்டிகள் பட்டியலில் ஆட்கள் பெயர் கொடுக்காவிட்டால் கேள்விக்குப் பதில் வராது. கட்டுரையின் நெற்றியில் ஒட்டும் துப்புரவு அறிவிப்பை எழுதியவருக்கான கண்டனமாகவே நினைத்துவிட்டோம். அடுத்து வரும் புதியவருக்கான வேலைச்சீட்டும் அதுதான். எனவே ஒட்டுங்கள், ஆனால் 'துப்புரவு தேவை' என்று பொதுப்படையாக ஒட்டாமல் என்ன தேவை என்று குறிப்பிட்டு ஒட்டுங்கள்.

இன்னொரு நேர்வழியும் இருக்கிறது, அதைப் புதியவர்களிடம் சொல்லவே மாட்டேன் என்கிறீர்கள். நூல்களை உரையாக்கிச் சேமிக்கும் விக்கிமூலம். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் சுமார் 2,000 அங்கே பட வடிவில் ஏற்றப்பட்டு, எழுத்துணரி மூலம் உரையாகவும் மாற்றப்பட்டுள்ளன. எங்கள் ஊர்க்காரரான பாரதிதாசனின் நூல்களும் உண்டு. ஒரு பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், மறுபக்கம் இயந்திரம் படித்த உரை. 'ர' என்பதைக் காலாகவும் காலை 'ர'வாகவும் இயந்திரம் மாற்றிப் படித்திருக்கும், ஒற்று போயிருக்கும். பார்த்துத் திருத்த வேண்டியதுதான் வேலை. பக்கத்தின் நிலை சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. மேற்கோள் தேட வேண்டாம், குறிப்பிடத்தக்கமை பற்றி வாதாட வேண்டாம், நடுநிலை பற்றிக் கவலை வேண்டாம், மூலத்தில் உள்ளது உரையில் இருக்க வேண்டும் என்ற ஒரே விதி. மேலே சொன்ன ஆசிரியைக்கு இதைவிடப் பொருத்தமான முதல் நாள் வேலையைக் காட்டுங்கள் பார்ப்போம். பத்துப் பக்கம் மெய்ப்புப் பார்த்தவருக்குத் தொகுப்புப் பெட்டி மேல் இருக்கும் பயம் போய்விடும். பிறகு விக்கிப்பீடியாவுக்கு அழைத்து வாருங்கள்.

விக்கிப்பீடியாவுக்குள்ளேயே ஊர்ப்பற்று என்ற வாசலையும் பெரிதாக்கலாம். புதுச்சேரி மாதிரி ஓர் இடத்தை நினைத்துப் பாருங்கள். அதன் மற்றப் பகுதிகளான காரைக்கால் தமிழ்நாட்டுக்குள், மாகே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள் கிடக்கின்றன. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது, சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல். இந்த இரண்டு தேதிகளையும் குழப்பாத கட்டுரை கிடைப்பதே அபூர்வம். 1736 முதல் 1761 வரை தமிழிலேயே நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இருக்கிறார். 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, அதன் சைவ ஓலைச்சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. இவற்றைப் பற்றிச் சொல்ல இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். பிரெஞ்சு நூலைத் தமிழ்க் கட்டுரைக்குச் சான்றாகக் காட்டலாமா என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. தாராளமாகக் காட்டலாம் என்பது உங்களுக்குத் தெரியும். ஊர்க் கட்டுரை ஒவ்வொன்றின் பேச்சுப் பக்கத்திலும் 'இந்த ஊரைப் பற்றித் தெரிந்தவரா? இந்த மூன்று விவரங்கள் தேவை. எந்த மொழி நூலானாலும் சான்றாகும்' என்று ஒரு குறிப்பு போட என்ன செலவு?

2017-இல் தமிழ்நாட்டுக் கல்வித்துறை அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு மாவட்டந்தோறும் விக்கிப்பீடியாப் பயிற்சி நடத்தியது. டிஎன்எஸ்இ என்று தொடங்கும் பயனர் பெயர்கள் ஒரே சமயத்தில் மளமளவென்று வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வேங்கைத் திட்டத்தில் மற்ற இந்திய மொழிகளோடு போட்டியிட்டுக் கட்டுரைகளைக் குவித்தோம். பயிலரங்கும் போட்டியும் கூட்டத்தைக் கூட்டுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் பயிலரங்கில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் இருக்கிறார். வீட்டுக்குப் போய்த் தனியே திறக்கும்போது திரை மட்டும்தான் இருக்கிறது. அந்தத் திரை தன்னைத் தானே விளக்கிக்கொள்ளாவிட்டால் எத்தனை பயிலரங்கு நடத்தியும் பயனில்லை. போட்டிக்குச் செலவிடும் உழைப்பில் பாதியை முகப்பையும் முதல் பத்து நிமிடத்தையும் சீர்செய்யச் செலவிட்டால் கூடுதல் பலன் என்று நான் நம்புகிறேன்.

இதை எப்படிச் சோதிப்பது? ஆலமரத்தடியில் கருத்துக் கேட்டால் போதாது. ஆலமரத்தடிக்கு வழி தெரிந்தவர்கள்தான் அங்கே பதில் எழுதுவார்கள். இணையதள வடிவமைப்பை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார்: ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே பெரும்பாலான இடறல்கள் வெளிப்பட்டுவிடும். பெரிய கணக்கெடுப்பு வேண்டாம். விக்கிப்பீடியாவைத் தொகுத்தே இராத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, 'இந்தக் கட்டுரையில் ஒரு பிழையைத் திருத்துங்கள்' என்று சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். வாயைத் திறக்காமல் என்பதுதான் கஷ்டம். 'அங்கே இல்லை, மேலே மேலே' என்று நம் நாக்கு துடிக்கும். அவர் விரல் எங்கே தயங்குகிறது, எந்தப் பொத்தானை இரண்டு முறை தொடுகிறது, எந்த இடத்தில் முகம் சுருங்குகிறது என்று குறித்துக்கொண்டு வந்தால், மாற்ற வேண்டியவை தாமே வரிசையில் நிற்கும்.

அதுவரை காத்திராமல் இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. வரவேற்பு வார்ப்புருவில் இணைப்புகளை வெட்டி இரண்டாக்குங்கள்: ஒன்று 'இந்த வேலையைச் செய்து பாருங்கள்', மற்றது 'என்னைக் கேளுங்கள்'. இரண்டாவதில் உயிருள்ள ஓர் ஆளின் பெயர் இருக்கட்டும். புதுப்பயனரின் தொகுப்பை மீளமைத்தால், வார்ப்புருவுக்கு மேல் உங்கள் சொந்தக் கையால் ஒரு வாக்கியம் எழுதுங்கள். பேச்சுப் பக்கத்தில் பதில் சொல்ல முன்பெல்லாம் கையொப்பத்துக்கு நான்கு அலைக்குறி போடத் தெரிய வேண்டியிருந்தது. இப்போது பதில் பொத்தான் வந்துவிட்டது. அதை உதவிப் பக்கத்தின் முதல் வரியில் சொல்லுங்கள், அலைக்குறிப் பாடத்தை எடுத்துவிடுங்கள். எந்த ஆண்டில் எழுதினோம் என்றே நினைவில்லாத உதவிப் பக்கங்களைத் தயங்காமல் நீக்கலுக்கு முன்மொழியுங்கள். கட்டுரைகளை நீக்குவதில் உங்களுக்கு இருக்கும் கறாரில் கொஞ்சம் இங்கேயும் வரட்டும்.

அடுத்த விக்கிப்பீடியர் சந்திப்பைப் புதுச்சேரியில் வையுங்கள். தொகுத்தே அறியாத ஐந்து பேரை நான் அழைத்து வருகிறேன்: ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர், பிரெஞ்சு மட்டும் சரளமாக எழுதுகிற பெரியவர் ஒருவர், கடை வைத்திருப்பவர் ஒருவர், கைப்பேசி தவிர வேறு எதிலும் இணையத்தைப் பார்த்திராத இல்லத்தரசி ஒருவர். நீங்கள் செய்ய வேண்டியது அவர்களுக்குப் பின்னால் பேசாமல் உட்கார்வது. தேதியை ஆலமரத்தடியில் அறிவியுங்கள். அதற்கு முன்னால், இந்த மடலைப் படித்து முடித்த கையோடு, வழிகாட்டிகள் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மூலக்குளத்து வாசகன்
புதுச்சேரி